அமோன் கார்ட்டர்: டெக்சாஸின் முதல் டிவி நிலையம் ஃபோர்ட் வொர்த்தில் வந்தது எப்படி?

கேள்வி இதுதான்: டெக்சாஸ் மாநிலத்தின் முதல் டிவி நிலையம் ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ தொடங்காமல், அவற்றைவிடச் சிறிய ஊரான ஃபோர்ட் வொர்த்தில் 1948இல் தொடங்கியது எப்படி? அதைத் தொடங்கிய அமோன் கார்ட்டர் யார், டிவி வரலாற்றில் அவருக்கு என்ன இடம்?

கார்ட்டரை டிவி முன்னோடி என்று எழுதுவது தவறில்லை. ஆனால் அவர் பொறியாளரும் இல்லை, நிகழ்ச்சி தயாரிப்பவரும் இல்லை. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 68. வாழ்நாள் முழுக்க அவர் செய்த தொழில் விற்பனை, அவர் விற்ற பொருள் ஃபோர்ட் வொர்த் என்ற ஊர். பத்திரிகை, ரேடியோ, விமானம், கடைசியாக டிவி என்று கைக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் அதற்கே பயன்படுத்தினார். பத்திரிகையும் ரேடியோவும் நன்றாகவே கைகொடுத்தன. டிவி கொடுக்கவில்லை, சொல்லப்போனால் அவருக்கு எதிராகவே வேலை செய்தது. என்னைப் பொறுத்தவரை அவர் கதையில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1879 டிசம்பரில் டெக்சாஸின் கிராஃப்டன் என்ற சிற்றூரில், மரக்கட்டை வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியவில்லை. போவி என்ற ரயில் ஊருக்குப் போய், வண்டி நிற்கும் சில நிமிடங்களில் பயணிகளுக்குக் கோழி சாண்ட்விச் விற்றார். உள்ளே இருந்தது எப்போதும் கோழிதானா என்பது பற்றி அவர் ஊரில் நிறையக் கதை உண்டு. பிறகு சட்டம் போட்ட உருவப்படங்களை ஊர் ஊராகப் போய் விற்கும் கம்பெனியில் சேர்ந்தார். சில நிமிடமே நிற்கும் வண்டியின் ஜன்னலில் சாண்ட்விச் விற்றவனுக்கு வீட்டு வாசலில் படம் விற்பது என்ன பெரிய வேலை? அதில் நன்றாகவே மேலே வந்தார்.

1905இல் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்தார். அது மாட்டுச் சந்தையில் வாழ்ந்த ஊர். ஸ்விஃப்ட், ஆர்மர் என்ற இரண்டு பெரிய இறைச்சி நிறுவனங்கள் அங்கே ஆலை திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே டல்லாஸ்: வங்கி, பருத்தி, துணிக்கடை, காப்பீட்டுக் கம்பெனி என்று கொஞ்சம் மிடுக்கான ஊர். இரண்டுக்கும் ஆகாது. ஃபோர்ட் வொர்த் எவ்வளவு தூங்கி வழிகிறது என்றால் அதன் தெருவில் ஒரு சிறுத்தை படுத்து உறங்கியதாம் என்று 1875இல் டல்லாஸ் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. ஃபோர்ட் வொர்த்காரர்கள் அந்தச் சிறுத்தையையே ஊரின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். கார்ட்டர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் இந்தக் குணத்துக்கு அவரைப்போல் வாரிசு வேறு யாரும் வாய்க்கவில்லை.

1906இல் ‘ஸ்டார்’ என்ற புதுப் பத்திரிகைக்கு விளம்பர மேலாளராகச் சேர்ந்தார். பத்திரிகை நஷ்டத்தில் தள்ளாடியது. போட்டிப் பத்திரிகையான ‘டெலிகிராம்’ அதைவிடப் பெரியது. சின்னது பெரியதிடம் போய்ச் சேர்வதுதான் வழக்கம். இங்கே சின்னது கடன் வாங்கிப் பெரியதை விலைக்கு வாங்கியது. 1909 ஜனவரி 1 அன்று ‘ஃபோர்ட் வொர்த் ஸ்டார் டெலிகிராம்’ பிறந்தது. 1923இல் கார்ட்டரே அதன் வெளியீட்டாளர் ஆனார்.

அவர் முறை புரிய இந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிழக்கே டல்லாஸ் மறித்து நின்றதால் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. மேற்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு மேய்ச்சல் நிலம், பண்ணைகள், பிறகு எண்ணெய்க் கிணறுகள். பெரிய நகரம் என்று ஒன்றும் இல்லை. கார்ட்டர் பத்திரிகையை அந்தப் பக்கம் அனுப்பினார். மேற்கு டெக்சாஸின் 84 கவுண்ட்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) அது போனது. மழை, மாட்டு விலை, பள்ளிக்கூடக் கால்பந்து, யார் வீட்டுக் கிணற்றில் எண்ணெய் வந்தது என்று அந்தச் சிற்றூர்களின் செய்தியை அவர்களுக்கே அச்சடித்துக் கொடுத்தார். 1923 முதல் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் தென்மாநிலங்களில் அதிகம் விற்ற பத்திரிகை அதுதான். தலைப்புக்கு அருகே ஒரு வாசகம் இருக்கும்: ‘மேற்கு தொடங்கும் இடம்’. இதைத் தினமும் படிக்கிற ஒரு பண்ணைக்காரர் கல்யாணத் துணி எடுக்க, கடன் கேட்க, வைத்தியம் பார்க்க எந்த ஊருக்கு வருவார்? டல்லாஸுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், வழியிலேயே ஃபோர்ட் வொர்த். பத்திரிகை விற்றால் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தால் கடைக்கு ஆள் வரும், கடை பெருகினால் ஊர் பெருகும், ஊர் பெருகினால் பத்திரிகை விற்கும். ஊர்ப்பற்றும் லாபமும் இவ்வளவு ஒட்டிப்போனதால், இரண்டில் எது முதலில் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவருக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ரேடியோவும் இப்படித்தான் வந்தது. பத்திரிகையின் விற்பனைப் பிரிவை நடத்திய ஹெரால்டு ஹஃப் என்பவர் 1922இல் ரேடியோ ஆசையோடு கார்ட்டரிடம் போனார். இந்த ரேடியோ பத்திரிகைக்கு ஆபத்து என்றால் அந்த ஆபத்து நம் கையில் இருப்பதே நல்லது என்று கார்ட்டர் யோசித்து 300 டாலர் ஒதுக்கினார் என்றும், அது தீர்ந்தால் ரேடியோ தொழிலும் தீர்ந்தது என்று சொல்லிவிட்டார் என்றும் கதை. 1922 மே 2 அன்று டபிள்யூபிஏபி என்ற ரேடியோ நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. ஹஃபே ‘கூலியாள்’ என்ற பெயரில் மைக் முன்னால் உட்கார்ந்து கிராமத்து நையாண்டி பேசினார், கேட்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. 1923 ஜனவரியிலேயே பிடில் இசையோடு களஞ்சிய நடன நிகழ்ச்சி ஒன்றை அந்த நிலையம் ஒலிபரப்பியது. அமெரிக்க ரேடியோவில் பின்னால் பெரிய வகையாக வளர்ந்த நாட்டுப்புற நடன நிகழ்ச்சிகளுக்கு அதைத்தான் முதல் என்பார்கள்.

நிலையத்தின் அடையாள ஒலி ஒரு மாட்டு மணி. அதற்கு விசித்திரமான ஒரு வேலையும் இருந்தது. அரசு அலைவரிசைகளைப் பங்கிட்டபோது, டபிள்யூபிஏபியும் டல்லாஸின் டபிள்யூஎஃப்ஏஏவும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. 1929இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் பிறகு இன்னொரு அலைவரிசையும் சேர்ந்தது. ஒரு நிலையம் ஒன்றில் பேசினால் மற்றது மற்றதில் பேசும், சில மணி நேரம் கழித்து இடம் மாறிக்கொள்ளும். மாறும்போது மாட்டு மணி அடித்தால் இனி ஃபோர்ட் வொர்த் பேசுகிறது என்று அர்த்தம். ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொண்டே ஒரே திண்ணையில் முறை வைத்துப் படுத்த பங்காளிகள் மாதிரி, 1970 வரை, நாற்பது ஆண்டுக்கு மேல் இது நடந்தது. 1922இல் தொடங்கிய நிலையத்துக்கு அரைப் பங்கு அலைவரிசை என்பது கார்ட்டருக்கு எப்படிக் கசந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: காற்றில் போகிற எதையும் டல்லாஸுக்குப் போகாமல் தடுக்க முடியாது என்பதற்கு முதல் எச்சரிக்கை அது.

1936ஐச் சொல்லாமல் கார்ட்டரைப் பற்றி எழுதினால் ஃபோர்ட் வொர்த்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்று நூறு ஆண்டு நிறைந்ததற்கான பெரிய பொருட்காட்சியை நடத்தும் உரிமை டல்லாஸுக்குக் கிடைத்தது. கார்ட்டர் அதே கோடையில் ஃபோர்ட் வொர்த்தில் போட்டிக் கொண்டாட்டம் ஒன்றை அறிவித்தார். நியூயார்க்கின் கேளிக்கை முதலாளி பில்லி ரோஸை நாளுக்கு 1,000 டாலர் வீதம் 100 நாளுக்கு அமர்த்தினார். பொருளாதார மந்தம் இன்னும் போகாத காலம், அந்தத் தொகையே ஒரு விளம்பரம். ரோஸ் ‘காசா மன்யானா’ என்ற திறந்தவெளி அரங்கைக் கட்டினார். தண்ணீர் சூழ்ந்த பிரம்மாண்டமான சுழல்மேடை, சாப்பிட்டுக்கொண்டே பார்க்க ஆயிரக்கணக்கான இருக்கைகள், பால் வொய்ட்மன் இசைக்குழு. விசிறி நடனத்துக்குப் பேர்போன சாலி ராண்டின் தனிக் கூடாரம் வேறு. டல்லாஸ் பொருட்காட்சி மைதானத்துக்குப் பக்கத்திலேயே 45 நிமிடம் மேற்கே வந்தால் கும்மாளம் என்று விளம்பரப் பலகை வைத்தார்கள். படிப்புக்கு டல்லாஸ், பொழுதுபோக்குக்கு ஃபோர்ட் வொர்த் என்பது பிரச்சாரத்தின் சாரம். மாட்டுப் பண்ணைக் கண்காட்சி என்ற பெயரில் தொடங்கி கடைசியில் எங்கே போய் நின்றது பாருங்கள். ஊர் பாதிரியார்களுக்கு இது எதுவும் பிடித்திருக்காது, கார்ட்டரும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

டல்லாஸில் காசு செலவழிக்கக் கூடாது என்பதற்காக அங்கே வேலையாகப் போகும்போது மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, அதை மறுக்காமல் வளரவிட்டார். வாஷிங்டனிலும் அவருக்கு இதே பேர்தான். அமெரிக்க அரசு முழுக்க ஃபோர்ட் வொர்த்தின் நன்மைக்காக மட்டுமே நடக்க வேண்டும், முடிந்தால் டல்லாஸுக்குக் கெடுதலாகவும் நடக்க வேண்டும் என்று இந்த ஆள் விரும்புகிறார் என்று ரூஸ்வெல்ட்டின் துணை அதிபர் ஜான் நான்ஸ் கார்னர் சொன்னதாக ஒரு வாசகம் புகழ்பெற்றது. கார்னரும் டெக்சாஸ்காரர்தான்.

அந்த வாஷிங்டன் செல்வாக்கில்தான் பெரிய வேலைகள் நடந்தன. ஊருக்கு வரும் பிரமுகர்களை ஏரிக்கரையில் இருந்த தன் ஷேடி ஓக் பண்ணைக்குக் கூட்டிப்போவார், விருந்து வைப்பார், போகும்போது ஸ்டெட்சன் என்ற கௌபாய்த் தொப்பி ஒன்று தருவார். அதிபர்கள், தளபதிகள், நடிகர்கள், விமான நிறுவனத் தலைவர்கள் எல்லாருக்கும் தொப்பி. தொப்பியின் பலன் பின்னால் வரும். 1940களின் தொடக்கத்தில் கன்சாலிடேட்டட் விமானக் கம்பெனியின் குண்டுவீச்சு விமான ஆலை ஃபோர்ட் வொர்த்துக்கு வந்தது. கிட்டத்தட்ட ஒரு மைல் நீளக் கட்டடம், போர்க்காலத்தில் பி-24 விமானங்கள் அங்கே தயாராயின. இன்று எஃப்-35 போர் விமானம் தயாராவதும் அதே இடத்தில்தான். மாட்டுச் சந்தை ஊர் விமான ஊரானதில் கார்ட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. டெக்சாஸ் டெக் கல்லூரி ஆட்சிக்குழுவின் முதல் தலைவர் அவர். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு நிலம் சேர்த்து அதன் பத்திரத்தை அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் கொடுத்தவரும் அவர்தான். கொடுத்த தேதி 1944 ஜூன் 6, நார்மண்டியில் படைகள் இறங்கிய அதே நாள். அன்றைக்கு யார் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள்!

சரி, டிவிக்கு வருவோம்.

1940 கணக்கெடுப்பில் ஹூஸ்டனின் மக்கள்தொகை சுமார் 3.84 லட்சம், டல்லாஸ் 2.95 லட்சம், ஃபோர்ட் வொர்த் 1.78 லட்சம். சான் அன்டோனியோவும் ஃபோர்ட் வொர்த்தைவிடப் பெரியது. ஆக மாநிலத்தில் நான்காவது ஊர். டிவிக்கு முதலில் போக வேண்டிய ஊர் இல்லை. ஆனால் டிவி நிலையம் தொடங்க அன்று மூன்று விஷயம் வேண்டியிருந்தது: பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்கும் பணம், ஒலிபரப்பு தெரிந்த ஆட்கள், சீக்கிரம் முடிவெடுக்கும் முதலாளி. கார்ட்டரிடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எண்ணெய்க் கிணற்றில் அவருக்கு நன்றாகவே அடித்திருந்தது. 1947இல் ஓர் எண்ணெய் வயலில் தன் பங்கை ஷெல் நிறுவனத்துக்கு 1.65 கோடி டாலருக்கு விற்றார். டிவி நஷ்டம் அவருக்கு வலிக்காது. ரேடியோ ஆட்கள் கால் நூற்றாண்டு அனுபவத்தோடு தயாராக இருந்தார்கள், தலைமையில் அதே ஹெரால்டு ஹஃப்.

நகரத்தின் கிழக்குப் பகுதியில் பார்னெட் தெருவில் நிலையத்துக்கு இடம் அமைந்தது. முறைப்படியான தொடக்க நாள் 1948 செப்டம்பர் 29. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வாய்ப்பு வந்தது. அதிபர் ட்ரூமன் தேர்தல் பிரச்சார ரயிலில் டெக்சாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். தோற்றுவிடுவார் என்று நாடே நம்பிய தேர்தல் அது. செப்டம்பர் 27 அன்று அவர் ரயில் ஃபோர்ட் வொர்த்தின் டெக்சாஸ் அண்டு பசிபிக் நிலையத்துக்கு வந்தபோது டபிள்யூபிஏபி டிவியின் கேமராக்கள் அங்கே நின்றன. டெக்சாஸில் ஒளிபரப்பான முதல் டிவி நிகழ்ச்சி, தொடக்க விழா உரையாகவோ பாட்டாகவோ இல்லாமல், ரயில் நிலையத்தில் நடந்த நேரடிச் செய்தி. ரயில் பயணிகளுக்குச் சாண்ட்விச் விற்றுத் தொடங்கியவருக்கு நல்ல பொருத்தம்தான்.

29ஆம் தேதி தொடங்கியதில் இன்னொரு சங்கதி. அடுத்த நாள், செப்டம்பர் 30 அன்று, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் புது டிவி உரிமங்களை நிறுத்தி வைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதின, மறுபடி திட்டமிட வேண்டியிருந்தது. அந்தத் தடை 1952 ஏப்ரல் வரை நீடித்தது. ஏற்கனவே அனுமதி வாங்கியவர்கள் மட்டும் கட்டி முடித்து ஒளிபரப்பலாம். ஹூஸ்டன் 1949 ஜனவரியில் வந்தது. டல்லாஸுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில்தான் முதல் நிலையம், டிசம்பரில் இரண்டாவது. சான் அன்டோனியோவும் டிசம்பரில். தடை நீங்கும் வரை டெக்சாஸில் டிவி என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்கள்தான். கிட்டத்தட்ட ஓராண்டு காலம், டல்லாஸில் டிவிப் பெட்டி வாங்கியவர் வீட்டில் வந்தது ஃபோர்ட் வொர்த் படம். கார்ட்டர் இதை எவ்வளவு ரசித்திருப்பார்!

உள்ளூர் டிவி என்றால் அன்றைக்கு உண்மையிலேயே உள்ளூர். பல ஊர் நிலையங்களுக்கு நிகழ்ச்சி தரும் என்பிசி போன்ற வலையமைப்பின் நிகழ்ச்சிகளை நேரடியாகக் கொண்டுவரும் கேபிள் 1952 ஜூலையில்தான் டெக்சாஸை எட்டியது. அதுவரை நியூயார்க் நிகழ்ச்சியைத் திரையிலிருந்து படச்சுருளில் பிடித்து அனுப்புவார்கள், மங்கலாக, நாள்கழித்து வரும். மீதி நேரத்தை நிலையமே நிரப்ப வேண்டும். சமையல், குழந்தைகள் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டு, மாட்டுக் கண்காட்சி என்று எல்லாம் நேரடி.

அதில் நிலைத்து நின்றது ‘தி டெக்சாஸ் நியூஸ்’ என்ற செய்தி நிகழ்ச்சி. இன்றைய செய்தி வாசிப்பு மாதிரி மேஜைக்குப் பின்னால் முகம் எதுவும் கிடையாது. சினிமா கொட்டகைச் செய்திச்சுருள் பாணி: 16 மில்லிமீட்டர் படம் ஓடும், பின்னணியில் இசை, தெரியாத ஒருவர் தட்டச்சு செய்த உரையைப் படிப்பார். படம் பிடிப்பவர் காலையில் காரில் கிளம்புவார். விபத்து, தீ, நீதிமன்றம், பள்ளி விழா, மேயர் ரிப்பன் வெட்டுவது என்று எடுத்து வருவார். படச்சுருளைக் கழுவி, வெட்டி ஒட்டி, உரை எழுதி இரவுக்குள் முடிக்க வேண்டும். செய்தியாளரின் பெயரும் முகமும் தெரியாது, தெரிவது ஊர் மட்டும். கார்ட்டரின் பத்திரிகை மேற்குச் சிற்றூர்களுக்குச் செய்த அதே வேலையை இது படத்தில் செய்தது: உங்கள் தெருவை உங்களுக்கே காட்டுவது. அமெரிக்க உள்ளூர் டிவிச் செய்தி விபத்தும் தீயுமாக ஏன் இருக்கிறது என்று கேட்பவர்கள், ஒரு காரும் ஒரு கேமராவும் ஒரு நாளில் எதை எடுத்துவர முடியும் என்று யோசித்தால் போதும்.

நிலையம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது வேலைக்குச் சேர்ந்தவர் பாபி வைகன்ட். பிறகு திரைப்பட விமர்சகராகவும் பேட்டியாளராகவும் ஆகி எழுபது ஆண்டுக்கு மேல் அதே நிலையத்தோடு தொடர்பில் இருந்தார், 2024இல் 97 வயதில் காலமானார். 1954இல் டெக்சாஸின் முதல் கலர் ஒளிபரப்பையும் இந்த நிலையமே செய்தது. கலர் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆனாலும் முதலில் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி நான் முதலில் சொன்ன இடம். பத்திரிகையை எந்த வண்டியில் ஏற்றுகிறோமோ அந்தத் திசையில்தான் அது போகும். கார்ட்டர் மேற்கே ஏற்றினார், மேற்கு அவருடையது ஆயிற்று. இரவில் ரேடியோ பல மாநிலங்களைத் தாண்டிக் கேட்டது. டிவி சிக்னல் அப்படி இல்லை. கோபுரத்தைச் சுற்றி வட்டமாக, ஐம்பது அறுபது மைல் போய் நின்றுவிடும். அவர் சாம்ராஜ்யமான மேற்கு டெக்சாஸில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்கு வெளியே. தடை நீங்கியதும் லபக், அமரில்லோ போன்ற மேற்கு நகரங்கள் தங்களுக்கென்று டிவி நிலையம் வைத்துக்கொண்டன. வட்டத்துக்கு உள்ளே கூட்டமாக இருந்தது யார்? டல்லாஸ். இரண்டு ஊர் நிலையங்களையும் இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். விளம்பரம் தருகிறவருக்கும் வலையமைப்புக்கும் அது ஒரே சந்தை. நாற்பது ஆண்டாக ஒருவர் பிரித்துக் கட்டிய சுவரை அவருடைய சொந்தக் கோபுரமே இடித்தது.

கார்ட்டர் இதற்கு இசையவில்லை. டல்லாஸுக்குச் சேவை செய்ய அவருக்கு மனமில்லை. என்பிசி டல்லாஸுக்கு வேறு நிலையத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1955 ஜூன் 23 அன்று அவர் இறந்தார். இரண்டே ஆண்டில், டல்லாஸுக்கும் சிக்னல் ஒழுங்காகப் போக வேண்டும், இல்லாவிட்டால் உறவு இல்லை என்று என்பிசி நெருக்கியது. நிலையம் வழிக்கு வந்தது. 1957 முதல் இரண்டு நகரங்களுக்கும் சேர்த்து ஒரே என்பிசி நிலையம் டபிள்யூபிஏபி டிவி. வியாபாரமாகப் பார்த்தால் நல்ல முடிவு. அவர் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

விமான நிலையத்திலும் இதே கதைதான். 1940களில் இரண்டு ஊருக்கும் நடுவே பொது விமான நிலையம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. பயணிகள் கட்டடம் ஃபோர்ட் வொர்த் பக்கம் பார்க்கும்படி திட்டம் மாறியதும் டல்லாஸ் கோபித்துக்கொண்டு விலகியது. கட்டடத்தின் வாசல் எந்தத் திசையில் என்பதற்கு இரண்டு மாநகராட்சிகள் மோதிக்கொண்டன, வாஸ்து பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள். ஃபோர்ட் வொர்த் தனியாகவே கட்டியது, 1953இல் திறந்தது, பெயர் அமோன் கார்ட்டர் ஃபீல்டு. டல்லாஸ்காரர்கள் தங்கள் ஊருக்குள் இருந்த லவ் ஃபீல்டை விட்டு வரவில்லை. புது நிலையம் காற்று வாங்கியது. கடைசியில் 1964இல் மத்திய விமான வாரியம் இருவரையும் உட்காரவைத்து, ஒரு பொது இடத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம் என்றது. அப்படி வந்ததுதான் இன்று பிளானோ, இர்விங், ஃபிரிஸ்கோ பக்கம் வாழும் தமிழர்கள் எல்லாரும் போய் இறங்கும் டிஎஃப்டபிள்யூ விமான நிலையம். 1974 ஜனவரியில் அது திறந்ததும் கார்ட்டர் கட்டியது மூடப்பட்டது.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயமும் உண்டு. ஊரின் பெரிய பத்திரிகையும் பெரிய ரேடியோவும் முதல் டிவியும் ஒரே கையில் இருந்தால், ஊருக்கு எது பெருமை என்று அந்தக் கை தீர்மானிக்கும். கார்ட்டர் காலத்து ஃபோர்ட் வொர்த்தில் கறுப்பர்களுக்குப் பள்ளி தனி, இருக்கை தனி. அவர் பாடிய ஊர்ப்பெருமையில் அவர்களுக்கு இடம் குறைவு. அவர் இறந்த அடுத்த ஆண்டு, ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே மேன்ஸ்ஃபீல்டில் கறுப்பு மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் வெள்ளையர் கூட்டம் மறித்தது, உருவபொம்மை தொங்கவிட்டது. நீதிமன்ற உத்தரவு இருந்தும் 1965 வரை அந்தப் பள்ளி கறுப்பு மாணவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஊரைக் கூவி விற்பவர் குறையைக் கூவ மாட்டார். டிவியை ஊர் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது என்ற யோசனையில் ஆரம்பத்திலிருந்தே இந்த ஓட்டை இருக்கிறது.

நிலையம் என்ன ஆயிற்று? 1963 நவம்பர் 22 காலை அதிபர் கென்னடி ஃபோர்ட் வொர்த்தில்தான் விழித்தெழுந்தார். வணிகர் சங்கக் காலை உணவில், கார்ட்டர் பழக்கிவைத்தபடி, ஒரு தொப்பி கொடுத்தார்கள்; அவர் அதைத் தலையில் வைக்கவில்லை. அன்று மதியம் டல்லாஸில் சுடப்பட்டார். இரண்டு நாள் கழித்து டல்லாஸ் காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில், கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஓஸ்வால்டை ஜாக் ரூபி என்பவர் சுட்டதை நாடு முழுக்க நேரலையில் காட்டியது என்பிசி, படம் போனது டபிள்யூபிஏபியின் வண்டியிலிருந்து. ட்ரூமனை எடுக்க ரயில் நிலையத்துக்குப் போன அதே வெளிப்புற ஒளிபரப்புப் பழக்கம், இந்த முறை டல்லாஸின் செய்திக்காக.

ஒரே ஊரில் பத்திரிகையும் ஒளிபரப்பும் ஒருவரிடம் இருப்பதைத் தகவல் தொடர்பு ஆணையம் தடுக்கப் போகிறது என்று தெரிந்ததும், 1974இல் குடும்பம் எல்லாவற்றையும் விற்றது. பத்திரிகையும் ரேடியோவும் ஒரு நிறுவனத்துக்கு, டிவி இன்னொன்றுக்கு. டபிள்யூபிஏபி என்ற பெயர் ரேடியோவோடு போனது, டிவி கேஎக்ஸ்ஏஎஸ் ஆயிற்று, இன்றும் ஐந்தாம் சேனல். 2013இல் பார்னெட் தெருவை விட்டு, மூடப்பட்ட அந்தப் பழைய விமான நிலைய நிலத்தில் எழுந்த வளாகத்துக்குக் குடிபோனது. புது முகவரி இருக்கும் சாலையின் பெயர் அமோன் கார்ட்டர் பூல்வார்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது வசதி என்பதுதான் அங்கே போனதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

அவர் சேர்த்த ரெமிங்டன், ரஸ்ஸல் ஓவியங்களுக்காக உயிலில் சொன்னபடி 1961இல் திறந்த அருங்காட்சியகம் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை, கட்டடம் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்தது. டிவியில் ஆர்வம் உள்ளவர்கள் அதற்கு முன்னால் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இணைய ஆவணத்தைப் பாருங்கள். நிலையத்தின் பழைய செய்திப் படங்களும் தட்டச்சு உரைகளும் அங்கே ஏறியிருக்கின்றன. ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து அன்றைய உரையை முழுக்கப் படித்தால், எந்தச் செய்தி முதலில் வந்தது, ஃபோர்ட் வொர்த்துக்கு எத்தனை வரி, டல்லாஸுக்கு எத்தனை வரி என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.